கருப்பு வெள்ளைப் பேய்ப் படங்களை டிஸ்க்கில் வாங்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1961இல் வந்த 'தி இன்னசென்ட்ஸ்' படத்தில் ஓர் ஏரிக்கரைக் காட்சி உண்டு. பட்டப்பகல். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த ஆசிரியை, டெபோரா கெர், நிமிர்ந்து பார்க்கிறார். தண்ணீருக்கு அப்பால் நாணலுக்குள் கருப்பு உடையில் ஒரு பெண் நிற்கிறாள். கிட்டே வரவில்லை, கத்தவில்லை. சும்மா நிற்கிறாள்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது நடைபாதைக் கடையில் வாங்கிய ஒரு டிஸ்க்கில். அதில் நாணல் இருந்தது, தண்ணீர் இருந்தது, பேயைத்தான் காணோம். அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஆசிரியை எதைப் பார்த்து இப்படி வெளிறிப் போகிறார் என்றே எனக்குப் புரியவில்லை. பல வருடம் கழித்து ஒழுங்கான ப்ளூரேயில் அதே காட்சி வந்தது. மத்தியானம் மூன்று மணி, ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது, அடுக்களையில் குக்கர் விசில். ஆனாலும் பின்கழுத்து சில்லிட்டுப் போனது.

வண்ணப் பேய்ப் படம் மட்டமான பிரிண்ட்டிலும் ஓரளவு தப்பித்துவிடும். ரத்தம் எப்படியும் சிவப்பாகத் தெரியும். கருப்பு வெள்ளையில் அந்த வசதி கிடையாது. அங்கே பேய் என்பது இருட்டுக்கும் கொஞ்சம் குறைந்த இருட்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம். அந்த வித்தியாசத்தை டிஸ்க் அழித்துவிட்டால் பேயும் போய்விடும். அதனால் இந்த வகைப் படங்களில் நாம் காசு கொடுப்பது படத்துக்கு இல்லை, பிரிண்ட்டுக்கு. கீழே சொல்லும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும்.

"ஓடிடியில் பார்த்துக்கொள்ளலாமே?" கிடைத்தால் தாராளமாகப் பாருங்கள். பழைய படங்கள் அங்கே வரும், போகும். எந்தப் பிரிண்ட்டைப் போட்டிருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அலமாரியில் இருக்கிற டிஸ்க் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போகாது.

முதலில் எந்தப் படங்கள்?

மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். ஐந்து போதும்.

'தி அன்இன்வைட்டட்' (1944): அண்ணனும் தங்கையுமாக இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் ஒரு வீட்டை மலிவாக வாங்குகிறார்கள். ஏன் மலிவு என்பதுதான் கதை. அதுவரை ஹாலிவுட்டில் பேய் என்றால் பெரும்பாலும் சிரிப்புப் படம், அல்லது கடைசியில் எவனோ வெள்ளைத் துணி போர்த்தியிருந்தான் என்று முடியும். பேயை உண்மையாகவே பேயாக எடுத்துக்கொண்ட ஆரம்ப காலப் பெரிய ஸ்டூடியோ படங்களில் இது ஒன்று. பயம் குறைவு, அழகு அதிகம். வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாம்.

'டெட் ஆஃப் நைட்' (1945): லண்டன் ஈலிங் ஸ்டூடியோவின் படம். ஒரு வீட்டில் கூடியவர்கள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கண்ணாடிக் கதையும் பேசும் பொம்மைக் கதையும் சுலபத்தில் மறக்காது.

'தி இன்னசென்ட்ஸ்' பற்றிச் சொல்லிவிட்டேன். 'தி ஹாண்டிங்' (1963) ராபர்ட் வைஸ் இயக்கியது. கடைசி வரை பேயைக் கண்ணில் காட்டாமலே பயமுறுத்துகிற படம். ஐந்தாவது ஜப்பானிலிருந்து: மிசோகுச்சியின் 'உகேட்சு' (1953). பயந்து நடுங்க வேண்டும் என்று இதை வாங்காதீர்கள். பனி மூடிய ஏரியில் ஒரு படகு வருகிற காட்சிக்காகவே வாங்கலாம்.

இந்த ஐந்தும் பிடித்துப்போனால் அப்புறம் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962), 'குரோனெகோ' (1968), மௌனப் படமான 'தி ஃபேண்டம் கேரேஜ்' (1921) என்று போகலாம். ஜப்பானியப் பேய்ப் படம் என்றதும் எல்லோரும் சொல்கிற 'க்வைடான்' வண்ணப் படம். நல்ல படம்தான், ஆனால் இந்தப் பட்டியலில் சேராது.

வருடத்தைப் போட்டுத் தேடுங்கள்

சின்ன விஷயம், ஆனால் நானே ஏமாந்திருக்கிறேன். 'தி ஹாண்டிங்' என்று மட்டும் தேடி, விலை குறைவாக இருக்கிறதே என்று ஆர்டர் போட்டேன். வந்தது 1999இல் எடுத்த வண்ண ரீமேக். கடைக்காரர் மேல் தப்பில்லை, தலைப்பு அதேதான். 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்' 1959இலும் உண்டு, 1999இலும் உண்டு. 'தி அன்இன்வைட்டட்' பெயரில் 2009இல் வேறொரு படமே வந்திருக்கிறது. தலைப்பு, வருடம், இயக்குநர் மூன்றும் பொருந்தினால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

கலர் அடித்த பதிப்பு என்று இன்னொரு தொல்லை. பழைய கருப்பு வெள்ளைப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் சாயம் பூசி விற்பார்கள். 1959 'ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்'லுக்கே அப்படி ஒன்று உண்டு. அட்டையில் அதன் நடிகர் வின்சென்ட் பிரைஸ் முகம் ரோஜா நிறத்தில் இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். அசல் கருப்பு வெள்ளையும் அதே டிஸ்க்கில் இருந்தால் பரவாயில்லை.

நேர் எதிரான சங்கதியும் உண்டு. கருப்பு வெள்ளை என்று நாம் நினைக்கும் சில படங்கள் முழுக்க அப்படி இல்லை. 'போர்ட்ரெய்ட் ஆஃப் ஜென்னி' (1948) படத்தின் இறுதிப் புயல் பச்சைச் சாயலில் வரும். கடைசியில் அந்த ஓவியம் முழு வண்ணத்தில் விரியும். '13 கோஸ்ட்ஸ்' (1960) படத்தில் பேய் வரும் இடங்கள் மட்டும் நீலமும் சிவப்புமாக இருக்கும். தியேட்டரில் ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள்: சிவப்பு வழியாகப் பார்த்தால் பேய் தெரியும், நீலம் வழியாகப் பார்த்தால் மறையும். பயந்தாங்கொள்ளிகளுக்கு நீலம். இந்தச் சாயங்கள் எல்லாம் போய் மொத்தமும் சாம்பலாக இருக்கிற பதிப்புகள் விற்பனையில் உண்டு, விசாரித்து வாங்குங்கள்.

எத்தனை நிமிடம்?

அட்டையின் பின்பக்கத்தில் நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

'டெட் ஆஃப் நைட்' முழுப் படம் சுமார் 103 நிமிடம். அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது நீளம் என்று சொல்லி இரண்டு கதைகளை, கிறிஸ்துமஸ் விருந்தையும் கோல்ஃப் ஆட்டக்காரர்களையும், தூக்கிவிட்டார்கள். மிஞ்சியது 77 நிமிடம். இது தொகுப்புப் படம்தானே, இரண்டு போனால் என்ன என்று தோன்றும். ஆனால் கதை சொல்லும் ஆட்கள் எல்லோரும் ஒரே அறையில் இருக்கிறார்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லாக் கதைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுழலும். ஒன்றை உருவினால் அந்தச் சுழலில் ஓட்டை விழும். 77 என்று எங்காவது பார்த்தால் கீழே வைத்துவிடுங்கள்.

பேயைவிடப் பிசாசுக் கதை என்று சொல்ல வேண்டிய 'நைட் ஆஃப் தி டீமன்' (1957) இதே மாதிரிதான். பிரிட்டிஷ் பதிப்பு 96 நிமிடம். அமெரிக்கப் பதிப்பு பெயர் மாறி, 82ஆகச் சுருங்கியது. 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' 78 நிமிடப் பதிப்பாகவும் அதைவிடக் கொஞ்சம் நீண்ட பதிப்பாகவும் கிடைக்கும். இதில் குறுகியதே எனக்குப் பிடிக்கும்; எல்லா நீளமும் நல்லது என்று சட்டம் இல்லை.

நம் பக்கத்திலும் இது நடந்திருக்கிறது. சத்யஜித் ராயின் 'தீன் கன்யா' (1961) மூன்று கதைகள். அதில் நகைகள் மேல் பித்துப்பிடித்த மனைவியின் கதையான 'மோனிஹாரா'தான் பேய்க் கதை. படம் 'இரண்டு மகள்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் வெளிநாடு போனபோது விட்டுப்போனது சரியாக அந்தக் கதைதான். டிஸ்க் வாங்கினால் கதைகளை எண்ணிப் பாருங்கள்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். பிரிட்டிஷ் டிவிடியில் 'தி ஹாண்டிங்' சுமார் 107 நிமிடம் ஓடும், அமெரிக்க டிவிடியில் 112. உடனே வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். சினிமா நொடிக்கு 24 சட்டகம். ஐரோப்பாவும் இந்தியாவும் பயன்படுத்திய பால் என்ற டிவி முறையில் (குடிக்கிற பால் இல்லை) நொடிக்கு 25. அதனால் டிவிடியில் படம் 4 சதவீதம் வேகமாக ஓடிவிடும். நூறு நிமிடப் படம் 96இல் முடியும். குரலும் இசையும் ஒரு பொடி உச்சத்தில் கேட்கும். 'தி ஹாண்டிங்' நாயகி ஜூலி ஹாரிஸின் நடுங்கும் குரல் ஏற்கெனவே உச்சத்தில்தான் இருக்கிறது, அதை இன்னும் ஏற்ற வேண்டாம் என்பதால் நான் பால் டிவிடிகளைத் தவிர்ப்பேன். ப்ளூரேயில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை, படம் 24லேயே ஓடும்.

சட்டகம் வெட்டுப்படாமல் இருக்கிறதா?

1953க்கு முந்தைய படங்கள் கிட்டத்தட்டச் சதுரமாக, 1.37:1 அளவில் இருக்கும். இன்றைய அகல டிவியில் போட்டால் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும். அது குறை இல்லை, அப்படித்தான் வர வேண்டும். திரை நிறைய வேண்டும் என்று ரிமோட்டில் இழுத்தால் ஆவிக்குக் கன்னம் உப்பிவிடும்.

'தி இன்னசென்ட்ஸ்', 'தி ஹாண்டிங்', 'குரோனெகோ' மூன்றும் அகலப் படங்கள், 2.35:1. பழைய டிவிக்காக இவற்றைச் சதுரமாக வெட்டிய பதிப்புகளில் படத்தின் 43 சதவீதம் காணாமல் போகும். 'தி இன்னசென்ட்ஸ்' விஷயத்தில் இது பெரிய அநியாயம். அகலத்திரை வேண்டும் என்று ஸ்டூடியோ வற்புறுத்தியதால், ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் லென்ஸ் முன்னால் வைக்கும் ஃபில்டர்களின் ஓரங்களில் தானே சாயம் பூசி, திரையின் இரண்டு பக்கத்தையும் இருட்டாக்கினார். நடுவில் மெழுகுவத்தி வெளிச்சம், ஓரங்களில் என்ன இருக்கிறதோ என்கிற இருட்டு. வெட்டிய பதிப்பில் போவது அந்த ஓரங்கள்தான். அட்டையில் 'ஃபுல் ஸ்கிரீன்' என்று போட்டிருந்தால், அகலப் படத்துக்கு அது பாராட்டு இல்லை, எச்சரிக்கை.

பிரிண்ட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் செலவழித்தால் காசு மிச்சமாகும்.

பழைய படத்தின் அசல் நெகட்டிவ் எல்லா நேரமும் பிழைத்திருக்காது. 'உகேட்சு'வின் அசல் நெகட்டிவே இன்று இல்லை. 2016இல் வெளிவந்த 4கே மறுசீரமைப்பைப் பிந்தைய தலைமுறைப் பிரதிகளிலிருந்துதான் செய்தார்கள். அப்படியிருந்தும் அது அதற்கு முன் வந்த டிவிடிகளைவிடப் பல படி மேல். ஆக ஒரே படத்துக்கு நாலு டிஸ்க் இருந்தால், எந்தப் பிரதியிலிருந்து, எந்த வருடம் ஸ்கேன் செய்தது என்று முதலில் பாருங்கள். புது 4கே ஸ்கேனிலிருந்து வந்த சாதாரண ப்ளூரே, பழைய ஸ்கேனை வைத்து ஒப்பேற்றிய எதைவிடவும் மேல்.

அடுத்தது மணல். ஃபிலிமுக்கு இயல்பாகவே ஒரு பொடி உண்டு, திரை முழுக்க மெல்லிய மணல் அசைவது போல. அதை அழுக்கு என்று நினைத்துக் கம்ப்யூட்டரில் வழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழித்தபின் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடும், மூடுபனி பிளாஸ்டிக் ஆகிவிடும். 'தி அன்இன்வைட்டட்'டில் பேய் ஒரு வெண்புகையாகத்தான் வரும். மணல் போனால் புகையும் போகும். அதனால் "மணல் தெரிகிறது" என்று யாராவது டிஸ்க்கைக் குறை சொன்னால், எனக்கு அது வாங்கச் சொல்லும் சிபாரிசு.

வாங்குவதற்கு முன் டிவிடிபீவர், ப்ளூரே டாட் காம் மாதிரியான தளங்களில் ஒரே காட்சியை வெவ்வேறு டிஸ்க்கிலிருந்து எடுத்து அடுத்தடுத்துப் போட்டிருப்பார்கள். அதில் மூன்றே இடங்களைப் பாருங்கள். ஒன்று, கருப்புக் கோட்டு: துணியின் மடிப்பு தெரிகிறதா, இல்லை மொத்தமும் தார் பூசியது போல் இருக்கிறதா? இரண்டு, மெழுகுவத்திச் சுடர்: சுடருக்குள் வடிவம் இருக்கிறதா, வெள்ளை ஓட்டையாக எரிந்துபோயிருக்கிறதா? மூன்று, முகத்தின் விளிம்பு: தலையைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். மூன்றிலும் தேறியதை வாங்குங்கள். ஒரு டிஸ்க் மற்றதைவிட வெளிச்சமாக இருப்பதால் அதுதான் நல்லது என்று முடிவுகட்டாதீர்கள். இது பேய்ப் படம். இருட்டாக இருக்க வேண்டிய இடம் இருட்டாக இருக்கட்டும்.

இனி காப்புரிமை இல்லாத படங்கள். 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் கல்விப் படங்களும் தொழிற்படங்களும் எடுத்துக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி எடுத்த ஒரே கதைப்படம். யூட்டாவின் உப்பு ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்துவிட்டு, அதை வைத்தே படம் பண்ணினார். பிரதியில் காப்புரிமை அறிவிப்பு போட விட்டுப்போனது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதோடு உரிமை போச்சு. விளைவு, யார் வேண்டுமானாலும் டிஸ்க் போடலாம், போட்டார்கள். எங்கிருந்தோ எடுத்த பழைய வீடியோ கேசட்டையே டிவிடியில் ஏற்றி விற்றவர்களும் உண்டு. '50 பேய்ப் படங்கள், 12 டிஸ்க்' என்று பெட்டி வரும். கணக்குப் போட்டால் ஒரு டிஸ்க்கில் நாலு படத்துக்கும் மேல். அவ்வளவு நெருக்கினால் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அதே படத்தை கிரைடீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனம் 2016இல் 4கே மறுசீரமைப்போடு ப்ளூரேயில் கொண்டுவந்தது. இரண்டையும் பார்த்தவர்கள் இது அதே படம்தானா என்று கேட்பார்கள்.

நம்பி வாங்கக்கூடிய பெயர்கள் என்று கேட்டால்: அமெரிக்காவில் கிரைடீரியன், கீனோ லார்பர், வார்னர் ஆர்க்கைவ், பிரிட்டனில் பிஎஃப்ஐ, யுரேகாவின் மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா, இண்டிகேட்டர். 'தி இன்னசென்ட்ஸ்' கிரைடீரியனிலும் பிஎஃப்ஐயிலும் உண்டு, இரண்டும் நன்றாக இருக்கும். எது உங்கள் பிளேயரில் ஓடுமோ அதை வாங்குங்கள்.

நம் ஊர்ப் படங்கள் பற்றி ஒரு வார்த்தை. மதுபாலாவின் 'மஹல்' (1949), பிமல் ராயின் 'மதுமதி' (1958), பஷீர் கதையில் வின்சென்ட் இயக்கிய மலையாள 'பார்கவி நிலையம்' (1964), 'வோ கௌன் தீ'யின் தமிழ் வடிவமான 'யார் நீ' (1966) என்று நல்ல வரிசை இருக்கிறது. டிஸ்க் விஷயத்தில்தான் வயிற்றெரிச்சல். நான் வாங்கியவற்றில் பாதிக்கு மூலையில் கம்பெனி முத்திரை நிலவு மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். பேய் வரும்போதும் வரும். நேரத்தை மிச்சப்படுத்தப் பாட்டை வெட்டியிருப்பார்கள். இங்கே பிரிண்ட்டை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் வசதியே குறைவு. பாடல்களை எண்ணி, முத்திரை இல்லாததாகப் பார்த்து வாங்குவதுதான் வழி.

உங்கள் பிளேயரில் ஓடுமா?

காசு கொடுப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். டிஸ்க்குகளை மண்டலம் மண்டலமாகப் பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்; பிளேயரின் மண்டலமும் டிஸ்க்கின் மண்டலமும் பொருந்தினால்தான் ஓடும். டிவிடியின் அட்டையில் உலக உருண்டைக்குள் மண்டல எண் இருக்கும். அமெரிக்கா, கனடா 1, ஐரோப்பா, ஜப்பான் 2, சிங்கப்பூர், மலேசியா 3, ஆஸ்திரேலியா 4, இந்தியா, இலங்கை 5. ப்ளூரேயில் அறுகோணத்துக்குள் எழுத்து. அமெரிக்கா, கனடா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி. இந்தியாவும் இலங்கையும் சி.

இதிலிருந்து தெரிவது: சென்னையில் வாங்கிய சாதாரண ப்ளூரே பிளேயரில் அமெரிக்க கிரைடீரியன் டிஸ்க் ஓடாது. சிங்கப்பூரில் இருக்கும் தமிழருக்கு ஓடும். லண்டனில் இருப்பவர் பிஎஃப்ஐ பக்கம் போகலாம்; கிரைடீரியனே 2016 முதல் பிரிட்டனுக்குத் தனிப் பதிப்பு போடுகிறது. 4கே டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டே கிடையாது, ஆனால் அந்தப் பெட்டியில் கூடவே வரும் ப்ளூரேக்கு இருக்கலாம். வார்னர் டிஸ்க்குகள் பெரும்பாலும் எங்கும் ஓடும்.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய பிளேயர். வாங்கும்போது "டிவிடிக்கு மட்டுமா, ப்ளூரேக்கும் சேர்த்தா?" என்று கேளுங்கள், பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு, அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரரிடம் அங்கேயே ஒரு பிளேயர் வாங்கிவரச் சொல்வது. மறக்காமல் பிளேயரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் சரி. 120 மட்டும் என்றால் நம் 230இல் சொருகிய நிமிடமே புகை வரும், அது படத்தில் வரும் புகை இல்லை.

கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் டிவிடி மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்தோடு அப்படியே பூட்டிக்கொள்ளும்.

விலையும் வரவழைப்பதும்

கிரைடீரியன் ப்ளூரேயின் அச்சிட்ட விலை சுமார் 40 டாலர். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடையில் ஜூலையிலும் நவம்பரிலும் பாதி விலைக்குப் போடுவார்கள், அப்போது மொத்தமாக வாங்கி ஒருவர் வீட்டில் சேர்த்துவைத்து, யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்வது நம் ஆட்கள் செய்கிற பழைய ஏற்பாடு. பெட்டியில் இடம் இல்லை என்று உறை, புத்தகம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு டிஸ்க்கை மட்டும் கொண்டுவருவார்கள். உள்ளே இருக்கும் சிறுபுத்தகத்தையாவது காப்பாற்றச் சொல்லுங்கள்.

நேராக இந்தியாவுக்கு வரவழைத்தால் டிஸ்க் விலையோடு தபால், சுங்கம், ஐஜிஎஸ்டி வரி, கூரியர்காரரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேரும். அடையாளச் சான்றும் கேட்பார்கள். ஒரு டிஸ்க்குக்கு இவ்வளவும் கட்டினால் மனசு நோகும். நாலைந்தாகச் சேர்த்து ஆர்டர் செய்யுங்கள்.

பழைய டிஸ்க் வாங்குவதில் தப்பே இல்லை, ஆனால் அடிப்பக்கத்தைப் போட்டோ கேளுங்கள். டிவிடியில் தகவல் அடுக்கு தகட்டின் நடுவில், 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. கொஞ்சம் கீறல் தாங்கும். ப்ளூரேயில் அது மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது. மேலே கெட்டியான பூச்சு இருந்தாலும், ஆழமாகக் கீறினால் அவ்வளவுதான். டிவிடியின் அடிப்பக்கம் ஊதா நிறத்தில் பளபளத்தால் அது பெரும்பாலும் வீட்டிலோ சிறிய அளவிலோ எழுதிய டிஸ்க். எல்லா ஊதாவும் திருட்டு இல்லை: வார்னர் ஆர்க்கைவ் 2009இல் தொடங்கியபோது ஆர்டர் வந்தபின் எழுதிக் கொடுத்த டிவிடிகள் அப்படித்தான் இருந்தன. 

வந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு முறை முழுதாக ஓட்டுங்கள். முக்கியமாக நடுப்பகுதியும் கடைசி இருபது நிமிடமும். ஓரடுக்கு டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுவது. அதில் விளிம்பு கெட்டிருந்தால் கிளைமாக்ஸில்தான் நிற்கும்; இரண்டடுக்கு டிஸ்க்கில் பெரும்பாலும் படத்தின் நடுவில் நிற்கும். அத்தியாயத் தேர்வில் போய் இடையில் ஒன்று, இறுதியில் ஒன்று என்று தட்டிப் பார்த்தாலும் ஓரளவு தெரிந்துவிடும்.

அதோடு ஆங்கிலத் துணைத்தலைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 1940களின் பிரிட்டிஷ் உச்சரிப்பு, அதுவும் ஒற்றைத் தட மோனோ ஒலியில், நம் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. மலிவுப் பதிப்புகளில் துணைத்தலைப்பே இருக்காது. ஒலித்தேர்வில் அசல் மோனோ இருந்தால் அதையே வையுங்கள். 'தி ஹாண்டிங்'கில் கதவுக்கு அப்பால் ஏதோ ஒன்று இடித்துக்கொண்டே நடைவழியில் வரும். சவுண்ட்பாரின் சுற்றொலி வித்தையைப் போட்டால் அது சோபாவுக்குப் பின்னால் கேட்கும். வர வேண்டிய இடம் கதவு.

அப்புறம் டிவி. கடையில் வைத்திருந்த அதே பளபள அமைப்பில் போட்டால் எல்லாம் நீலமடிக்கும். பிலிம்மேக்கர் அல்லது சினிமா மோடுக்கு மாற்றுங்கள், வண்ண வெப்பத்தை 'வார்ம்' பக்கம் தள்ளுங்கள், அசைவை மென்மையாக்கும் வசதியை அணையுங்கள், கூர்மையைக் குறையுங்கள். பழைய டிவிடியில் சாம்பல் நிறத்துக்குள் பச்சையும் ஊதாவும் மின்னினால் 'கலர்' அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள், சுத்தமாகிவிடும். மறுநாள் காலையில் அம்மா சீரியல் போடுவதற்கு முன் திருப்பி ஏற்றிவிடுங்கள். நான் ஒரு தடவை மறந்து, டிவி கெட்டுவிட்டது என்று மெக்கானிக் வரைக்கும் போய்விட்டது.

விளக்கை அணைக்க மறக்காதீர்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் நாணலும் தெரியாது, நாணலுக்குள் நிற்பவளும் தெரியமாட்டாள்.

வைத்துக்கொள்வது

டிஸ்க்கைப் படுக்கவைத்து அடுக்காமல் புத்தகம் போல நிறுத்திவையுங்கள். கடலோர ஊர்களில் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். புது செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா பொட்டலங்களை அலமாரியில் போட்டுவைத்தால் போதும். துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக அல்ல.

கடன் கொடுத்தால் நோட்டில் எழுதிவையுங்கள். என்னுடைய 'தி அன்இன்வைட்டட்' இரண்டு வருடமாக மச்சினன் வீட்டில் இருக்கிறது. அவரிடம் ப்ளூரே பிளேயரே இல்லை.